சிறுபோகக் கூட்டத்தில் யன்னலோரம் நின்றவள்

யோகராணி எழுந்தாள். கொப்பியை மூடி, பேனையை அதன்மேல் வைத்துவிட்டு, வகுப்பைவிட்டு வெளியே போனாள்.

கதிரை வட்டத்துக்குப் பின்னால் துறைத்தலைவர் இருந்தார். மடியில் குறிப்புப் புத்தகம். அவர் குனிந்து ஏதோ எழுதினார்.

அந்த ஒரு மணித்தியாலம்தான் என் வேலை நிலைக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கப் போகிறது என்று அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மூன்று கிழமையாக வாயே திறக்காத பிள்ளை, எழும்பிப் போவதற்கு இந்த நேரம்தானா பார்க்கவேண்டும்?

நான் பட்டம் பெற்ற கதையைப் போன கிழமை இந்தப் பத்தியில் வாசித்த பூநகரி வாசகர் ஒருவர், “பிறகு என்ன நடந்தது, படிப்பிக்கப் போனீங்களோ?” என்று கேட்டு எழுதியிருந்தார். போனேன் ஐயா. போய் முதல் மூன்று கிழமையும் வடிவாக மூக்குடைபட்டேன். அதை விழுங்கிவிட்டு நாலாவது கிழமையின் பெருமையை மட்டும் சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

வாய்க்குள் கொழுக்கட்டை

கிளிநொச்சியில் ஒரு விவசாய பீடம். நான் அங்கே தற்காலிக விரிவுரையாளர். வயது இருபத்தாறு. முதல் நாள் கன்ரீனில் சாப்பாடு போடுகிற அக்கா என்னைப் பார்த்து, “பிள்ளை, முதலாம் வருசம் அந்தப் பக்க வரிசை” என்று கையைக் காட்டினா. நானும் போய் அந்த வரிசையில் நின்று சோறு வாங்கிக்கொண்டு வந்தேன்.

எனக்குக் கிடைத்தது மூன்றாம் வருடக்காரரின் கலந்துரையாடல் வகுப்பு. பாடம் நீர் முகாமைத்துவம். வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வன்னி வெயிலில், மின்விசிறி கடகடவென்று சுத்துகிற அறையில். இதைவிட மோசமான நேரத்தை ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது.

பாடமெல்லாம் ஆங்கிலத்தில். இருபத்திரண்டு பேர். தமிழ்ப் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள். எல்லாரும் கெட்டிக்காரர். சோதனைத் தாளில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். வாயால் ஒரு சொல் வராது.

முதல் கிழமை, “என்ன நினைக்கிறீங்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். இருபத்திரண்டு பேரும் மேசையைப் பார்த்தார்கள். வெளியில் எங்கோ மயில் ஒன்று கத்தியது. பதில் சொன்னது அது ஒன்றுதான்.

இரண்டாம் கிழமை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முரசுமோட்டைப் பெடியன் நிரோசனை எழுப்பினேன். “யெஸ் மிஸ்” என்றான். “என்ன யெஸ்?” என்றேன். “யெஸ் மிஸ்” என்றான். எனக்கு விசர் வந்தது. “எல்லாரும் வாய்க்குள்ள கொழுக்கட்டையோ வைச்சிருக்கிறியள்?” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். சிங்களப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தவர்களிடம் கொழுக்கட்டை என்றால் என்னவென்று குசுகுசுத்தார்கள். அன்றைக்கு அந்த வகுப்பில் நடந்த ஒரே கலந்துரையாடல் அதுதான்.

மூன்றாம் கிழமை குழுக்களாகப் பிரித்தேன். குழுவுக்கு ஒருத்தர் பேச, மற்றவர்கள் கிரிக்கெட் கதைத்தார்கள்.

துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் ஆனையிறவு தாண்டி வருகிற மனிசன். கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் சுத்தி வளைத்துச் சொல்லத் தெரியாது.

“உம்மட வகுப்பில ஒருத்தரும் கதைக்கிறதில்லையாம்.”

“ஓம் சேர்.”

“அடுத்த வெள்ளி வந்து பாக்கிறன். அண்டைக்கும் இப்பிடித்தான் எண்டால், அந்த ஒரு மணித்தியாலத்தைச் சிலைட் போட்டு விரிவுரையா மாத்திப்போடுவம். அதை நானே செய்யலாம். அதுக்கெண்டு இன்னொரு ஆள் தேவையில்லை.”

அந்த இன்னொரு ஆள் நான்தான்.

கன்ரீனில் ஒரு சண்டை

அவருடைய அறையிலிருந்து நேரே கன்ரீனுக்குப் போனேன். ஒரு பிளேன்ரீ குடித்தால் அழுகை நிற்கும் என்று நினைப்பு.

அங்கே ஒரே சத்தம். பார்த்தால் நம்முடைய “யெஸ் மிஸ்” நிரோசன்! எதிரே கசுன், அநுராதபுரப் பக்கத்துப் பெடியன். இருவரும் மேசையில் அடித்து அடித்துக் கதைக்கிறார்கள். தண்ணீர்ச் சண்டை. மேல்வாய்க்கால்காரன் இரவில் மடையைத் திறந்துவிட்டால் கீழ்வாய்க்கால்காரன் என்ன செய்வது என்று கசுன் கேட்கிறான். நிரோசன் மேல்வாய்க்கால்காரனின் மகன், விட்டுக்கொடுப்பானா? தமிழ் பாதி, சிங்களம் கால், ஆங்கிலம் கால். இடையில் கையால் வாய்க்கால் கீறிக் காட்டுகிறார்கள். தின்ன வாங்கின ரோல்ஸ் ஒன்று மடையாக நடுவில் கிடக்கிறது.

நான் தேத்தண்ணீரைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டேன். அட கடவுளே, இதைத்தானே நான் மூன்று கிழமையாகக் கேட்டது! இவர்களுக்கு வாய் இருக்கிறது. என் வகுப்புக்கு வரும்போதுதான் அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வருகிறார்கள்.

பேசவேண்டிய அவசியம் இல்லாத இடத்தில் மனிசர் ஏன் பேசப் போகிறார்கள்? “என்ன நினைக்கிறீங்கள்” என்று கேட்டால் யார் பதில் சொல்லுவான்? உன் வயலுக்குத் தண்ணீர் வராது என்று சொல்லிப் பார், அப்போது தெரியும்.

எனக்கு அப்பாவின் கூட்டம் ஞாபகம் வந்தது.

அப்பாவின் தொண்டை

எங்கள் வீடு உருத்திரபுரத்தில். அப்பாவின் ஆட்கள் யாழ் குடாநாட்டிலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர்கள். பெரும்போகத்துக்கு மழை இருக்கும், எல்லாரும் விதைப்பார்கள். சிறுபோகம் அப்படியில்லை. குளத்தில் நிற்கிற தண்ணீரை நம்பித்தான் விதைப்பு. அதனால் விதைப்புக்கு முன்னம் ஒரு கூட்டம் நடக்கும். அதிகாரிகள் மேடையில், வயல் செய்கிற கமக்காரர் கதிரைகளில். இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவது என்று அங்கேதான் முடிவாகும்.

தண்ணீர் காணாத வருடத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குளத்துக்குக் கிட்டவுள்ள வயல்களை மட்டும் தெரிந்தெடுத்து, அந்தப் போகத்துக்கு மட்டும் காணிக்காரர் எல்லாருக்கும் பங்கு பிரிப்பார்கள். வாய்க்காலின் வால் பகுதியில் வயல் வைத்திருப்பவனுக்கும் மேலே ஒரு பங்கு கிடைக்கும். நியாயமான ஏற்பாடு என்றுதான் நான் அது நாள் வரையும் நினைத்திருந்தேன்.

அப்பா வீட்டில் அதிகம் கதைக்கமாட்டார். கறிக்கு உப்பில்லை என்றாலும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழும்புகிற ஆள். ஆனால் கூட்ட நாளில் சேட்டை அயர்ன் பண்ணிப் போட்டு, காணிப் பைலைப் பிளாஸ்ரிக் பையில் சுத்திக்கொண்டு சைக்கிளில் போவார். பின்னேரம் வரும்போது தொண்டை கட்டியிருக்கும். “என்னப்பா, பாட்டுக் கச்சேரியோ?” என்று அம்மா சுடுதண்ணீர் கொடுப்பா.

ஒருமுறை நானும் கூடப் போயிருக்கிறேன். அங்கே ஒருத்தரும் யாருடைய வாயையும் கிண்டவில்லை. எல்லாரும் கதைத்தார்கள், ஒரே நேரத்தில்.

அந்தக் கூட்டத்தைத்தான் வகுப்புக்குள் கொண்டுவர நினைத்தேன்.

பதினெட்டுத் துண்டுகள்

வியாழக்கிழமை பழைய கலண்டர் மட்டையை எடுத்துத் துண்டுகளாக வெட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு காணி இலக்கம், எந்த வாய்க்கால், எத்தனை ஏக்கர். பதினெட்டு வந்ததும் மட்டை முடிந்துபோனது. மற்ற நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை கதிரைகளை வட்டமாகப் போடச் சொன்னேன். துறைத்தலைவர் வந்து வட்டத்துக்குப் பின்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“குளத்தில பாதித் தண்ணிதான் நிக்குது. எத்தினை ஏக்கர் விதைக்கிறது, எங்க விதைக்கிறது எண்டு ஒரு மணித்தியாலத்தில முடிவு எடுக்கோணும். எந்தப் பாசையிலயும் கதைக்கலாம். விளங்காதவைக்குப் பக்கத்தில இருக்கிறவர் சொல்லிக் குடுக்கோணும்.”

துறைத்தலைவரின் புருவம் உயர்ந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“ஒரேயொரு சட்டம். உங்கட கதையைச் சொல்ல முதல், உங்களுக்கு முன்னம் கதைச்ச ஆள் என்ன சொன்னவர் எண்டு சொல்லோணும். அந்த ஆள் ‘ஓம், அதைத்தான் சொன்னனான்’ எண்டு சொன்னாப் பிறகுதான் உங்கட முறை.”

துண்டுகளைக் குலுக்கிக் கொடுத்தேன். நிரோசனுக்கு விழுந்தது வாய்க்கால் வால் பகுதி! பார்த்துவிட்டுத் துள்ளி எழும்பினான். “மிஸ், இது அநியாயம்! எனக்கு ஒரு சொட்டுத் தண்ணி வராது!”

“அதை என்னட்டச் சொல்லி என்ன செய்யிறது? கூட்டத்தில சொல்லும்.”

சொன்னான். வீட்டில் அவனுடைய அப்பா சொல்லுகிற நியாயத்துக்கு நேரெதிரான நியாயத்தை, கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னான். மேல்வாய்க்கால் துண்டு விழுந்த பிள்ளை ஒருத்தி அவனை மடக்கினாள். கசுன் கையை உயர்த்தி, “மிஸ், இந்தப் பங்கு பிரிக்கிறது எங்கட ஊர்லயும் இருக்கு. பெத்ம சொல்றது” என்றான். எனக்குப் புதினமாக இருந்தது. வகுப்பே கன்ரீனாக மாறிவிட்டது.

என் வேலை கதைக்காமல் இருப்பதுதான். அதுபோல் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. பதில் நாக்கு நுனிவரை வரும். பேனை மூடியைக் கடித்துக்கொண்டு மனதுக்குள் பத்துவரை எண்ணுவேன். எட்டு, ஒன்பது வருவதற்குள் யாராவது வாய் திறந்துவிடுவார்கள்.

அரை மணித்தியாலம் போனது. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. பங்கு பிரிக்கலாமா வேண்டாமா என்று முதலில் வாக்கெடுப்போம் என்றார்கள். நான் அப்பாவின் கூட்டத்துத் தலைவர் மாதிரியே குரலை உயர்த்தினேன்.

“துண்டு இருக்கிறவை மட்டும் கையை உயர்த்துங்கோ.”

அப்போதுதான் யோகராணி எழுந்து வெளியே போனாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம்

அவளுக்குத் துண்டு விழவில்லை. துண்டில்லாத மற்ற மூன்று பேரும் சந்தோசமாகப் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

அவளைப்பற்றி அதுவரை எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியிருந்த குடும்பம். எறும்பு ஊருவதுபோல் பொடி எழுத்து. அவள் கதைக்கிற விதத்தை யாரோ பகிடி பண்ணினார்கள் என்று ஒருமுறை காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் கதைத்து நான் கேட்கவில்லை.

வாசலால் போனவள் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து யன்னலுக்கு வெளியே நின்றாள், நல்ல வெயிலில். இரண்டு கையாலும் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “யோகராணி, என்ன இது? கூட்டம் நடக்கேக்க எங்க போறீர்? உள்ளுக்கு வாரும்!”

“நான் கூட்டத்துக்குத்தான் வந்து நிக்கிறன், மிஸ். எங்க அப்பா நிக்கிற இடம் இதுதான்.”

உயர்ந்திருந்த கைகள் அப்படியே நின்றன.

“அப்பா குத்தகைக்குத்தான் வயல் செய்யிறார். காணிக்குப் பேர்மிற் இல்லை. பேர்மிற் இல்லாதவைக்கு உள்ள கதிரை இல்லை. யன்னலுக்கு வெளியில நிண்டு எத்தினை கை உயருது எண்டு எண்ணுவார். பங்கு பிரிக்கிறதெண்டு முடிவெடுத்தா, பங்கு காணிக்காரருக்குத்தான். எங்களுக்கு அந்தப் போகம் வயல் இல்லை. அப்பா வந்து சைக்கிளை விடுற விதத்திலேயே அம்மாக்கு விளங்கிடும்.”

சத்தம் போடாமல்தான் சொன்னாள். எனக்கு முகம் எரிந்தது. நான் போன அந்தக் கூட்டத்திலும் யன்னலோரம் ஆட்கள் நின்றார்கள். எனக்கு நல்ல ஞாபகம். தேத்தண்ணீருக்காக நிற்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தக் கூட்டத்தை ஒன்றும் பிசகாமல் வகுப்புக்குக் கொண்டுவந்தேன், அவர்களை வெளியே நிறுத்தினதையும் சேர்த்து.

மன்னிப்புக் கேட்க வாய் உன்னியது. ஒரு பிரசங்கமும் தயாராக வந்தது. பேனை மூடியைக் கடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று…

ஏழில் நிரோசன் வாயைத் திறந்தான். “மிஸ், காணி இல்லாதவையும் கை உயர்த்தலாமெண்டா, பிறகு றோட்டால போறவாற எல்லாரும்...”

“டேய், முதல்ல அவ சொன்னதைச் சொல்லு” என்றான் கசுன்.

நிரோசன் தலையைச் சொறிந்தான். “அவளின்ர அப்பாக்குக் காணி இல்லை.”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை” என்றாள் யன்னலில் நின்றவள்.

“அவர் குத்தகைக்குச் செய்யிறார்.”

“அதுவும் இல்லை.”

ஒருத்தரும் சிரிக்கவில்லை. நிரோசன் கையிலிருந்த துண்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “நாங்கள் உள்ளுக்க கை உயர்த்த, அவைக்கு வயல் இல்லாமல் போகுது. அவையை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை.”

“ஓம். அதைத்தான் சொன்னனான்.”

இப்போது அவன் முறை. தன் எதிர்வாதத்தைச் சொல்லலாம். உட்கார்ந்துவிட்டான்.

கசுன் ஆங்கிலத்தில் கேட்டான், அப்படியென்றால் உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று. யோகராணி ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். சொந்தக் காணி கேட்கவில்லை. பங்கு பிரிக்கும்போது அந்த மண்ணை உழுகிறவனையும் கணக்கில் எடுங்கள், அதுவும் முடியாதென்றால் கை உயர்த்த முன்னம் எங்களையும் ஒருக்காக் கேளுங்கள் என்றாள். நீளமான வசனம். தடக்காமல், ஒரு பிழையுமில்லாமல் வந்தது. மூன்று கிழமையாக இந்தப் பிள்ளையிடம் இவ்வளவும் இருந்திருக்கிறது!

அந்த நேரம் பார்த்து வட்டத்துக்குப் பின்னால் ஒரு கை உயர்ந்தது. துறைத்தலைவர்.

“ஒரு கேள்வி.”

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. “சேர், உங்களிட்டத் துண்டு இருக்கோ?”

“இல்லை.”

“துண்டு இல்லாதவை வெளியில நிக்கோணும், சேர். கூட்டம் இன்னும் சட்டத்தை மாத்தேல்லை.”

யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. முடிந்தது என் கதை என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். குறிப்புப் புத்தகத்தைக் கதிரையில் வைத்தார். எழும்பி, கட்டடத்தைச் சுற்றி நடந்துபோய், யோகராணிக்குப் பக்கத்தில் நின்று கம்பியைப் பிடித்தார். கொஞ்சம் தடித்த மனிசன். அந்த வெயிலில் ஒரு நிமிடத்தில் சேட்டு நனைந்துவிட்டது. பிள்ளைகள் சிரிப்பை அடக்கத் தெண்டித்துத் தோற்றுப்போனார்கள்.

அவர் சிரிக்கவில்லை. காதை யன்னலோடு வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “இஞ்ச நிண்டா அந்தக் கரையில இருக்கிறவை கதைக்கிறது ஒண்டும் கேக்கேல்லை.”

“எங்க அப்பாவும் அதைத்தான் சொல்லுறவர், சேர்” என்றாள் யோகராணி.

வாக்கெடுப்பு நடந்தது. பங்கு பிரிக்கிறதா என்று இல்லை. வெளியே நிற்பவர்களை உள்ளே எடுக்கிறதா என்று. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசியாக உயர்ந்தது நிரோசனுடையது. உயர்த்தின கையை இறக்கிவிட்டு, தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். யோகராணி வந்து அதில் இருந்தாள். துறைத்தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்தார். அவருக்கு ஒருத்தரும் கதிரை தூக்கிக் கொடுக்கவில்லை.

மணி அடித்தும் ஒருத்தரும் எழும்பவில்லை. கதைத்தபடியே கன்ரீனுக்குப் போனார்கள். சத்தம் றோட்டுவரை கேட்டது.

துறைத்தலைவர் வாசலில் நின்றார். “சிலைட் ஒண்டும் வேண்டாம். அடுத்த வெள்ளிக்கு எனக்கும் ஒரு துண்டு வெட்டி வையும்.”

சொல்ல எனக்கு என்ன வெட்கம்? அன்றைக்குப் பெருமையில் நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. பிறகு எத்தனையோ வகுப்பு எடுத்துவிட்டேன். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு ஈடாக இன்னொன்று இல்லை. நான் அதில் கதைத்தது இருபது வசனம்கூட இராது. என் பெருமையே அதில்தான்.

எத்தனை ஏக்கர்

பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி அப்பாவுக்குப் போன் எடுத்தேன். துண்டு வெட்டினதிலிருந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அப்பா “ம்” கொட்டிக்கொண்டு கேட்டார். கமக்காரன் அல்லவா, கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டார்.

“சரி பிள்ளை, முடிவா எத்தினை ஏக்கர்?”

“அது முடிவாகேல்லையப்பா. வெளியில நிண்டவையை உள்ளுக்கு எடுக்கிறதோடயே நேரம் போட்டுது.”

அப்பா இன்னொரு “ம்” கொட்டினார்.

“நாங்கள் எல்லா முறையும் ஏக்கரை முடிவாக்கிப்போட்டுத்தான் பிள்ளை எழும்பினனாங்கள்” என்றார் அப்பா. “யன்னல் பக்கம் ஒருநாளும் திரும்பிப் பாக்கேல்லை.”